பன்னிரண்டு குழாய் இரத்தம்

கல்லாத்துப் பாலச் சாவடியில் ஒரு மூக்கு இருந்தது. ஆள் உயர இரும்புப் பெட்டி, முன்பக்கம் வலை அடித்த ஓட்டை, உள்ளே ஓயாமல் காற்றை இழுக்கும் விசிறி. லாரியோ, காரோ, நடந்து போகிறவரோ, மாநில எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் அதன் முன்னால் அரை நிமிடம் நிற்க வேண்டும். பச்சை எரிந்தால் தடுப்புக் கம்பம் மேலே போகும். மஞ்சளோ சிவப்போ எரிந்தால் நாற்பது நாள் சாவடியின் காவல் பட்டியில் கிடக்க வேண்டியதுதான்.

பன்றிகளுக்குப் பெருங்காய்ச்சல் வந்து பட்டிகளெல்லாம் காலியாகிப் போனதற்கு அடுத்த வருடம் வந்த சட்டம் அது. முதலில் பன்றியின் காதில் நம்பர் வில்லை அடித்துப் பார்த்தார்கள். ஆட்கள் வில்லையை அறுத்து வேறு காதில் மாட்டினார்கள். தோலுக்கடியில் சில்லு வைத்தார்கள். அதையும் பிளேடால் கீறி எடுத்தார்கள். கடைசியில் அறுக்கவும் கீறவும் முடியாத ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். வாடை. ஒவ்வொரு மந்தைக்கும் ஒரு வாடை உண்டு. அந்த மந்தையோடு புழங்கிய மனிதன் மேலும் அது ஏறும். சோப்புக்குப் போகாது, போவதற்கு நாற்பது நாளாகும். மந்தை சந்தேகத்தில் விழுந்துவிட்டால் அந்த வாடை உள்ள எதுவும் எல்லை தாண்டக்கூடாது. பன்றியும் தாண்டக்கூடாது, அதை வளர்த்தவனும் தாண்டக்கூடாது.

"மனுசனை ஏமாத்தலாம், மூக்கை ஏமாத்த முடியாது" என்று சாவடியின் கால்நடை டாக்டர் குணசீலன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மாராத்தாள் அதைக் கேட்டுக்கொண்டே அவர் அறையின் தரையைத் துடைப்பாள்.

மூக்கை ஏமாற்றுவது எப்படி என்று அவளுக்குப் பத்து வயதிலேயே தெரியும். தாய் செத்துப்போன குட்டியை வேறொரு தாயிடம் விட்டால் கடித்துப் போட்டுவிடும். அந்தத் தாயின் பாலையும் மூத்திரத்தையும் வைக்கோலோடு பிசைந்து குட்டியின் முதுகில் அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். தாய் வந்து மோந்து பார்க்கும், பிறகு சாய்ந்து படுத்து மடியைக் காட்டும். பன்றி வளர்க்கிற எல்லா வீட்டிலும் செய்கிற வேலைதான். இரும்புப் பெட்டிக்குள் இருந்தாலும் மூக்கு மூக்குதானே என்று அவள் நினைத்தாள். நினைத்து ஒன்றரை வருடமாகிறது. இந்த வெள்ளிக்கிழமைக்காகத்தான் காத்திருந்தாள்.

அன்று டாக்டரின் ஒரே மகளுக்கு நிச்சயதார்த்தம். எல்லைக்கு அந்தப் பக்கம், மாப்பிள்ளை வீட்டில். பன்னிரண்டரை மணிக்குத் தட்டு மாற்ற வேண்டும், முக்கால் மணி நேர ஓட்டம். வீட்டார் எல்லோரும் முந்தின நாளே போயிருந்தார்கள். டாக்டர் மட்டும் காலையில் ஆபீசுக்கு வந்து இரண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு.

விடிந்ததும் மாராத்தாள் டாக்டர் நாற்காலியின் வெள்ளைத் துண்டை எடுத்துக்கொண்டு எட்டாம் நம்பர் கொட்டிலுக்குப் போனாள். ராசிபுரத்திலிருந்து வந்த மந்தை அது. நாற்பத்தாறு உருப்படி. ஒரே ஒரு பன்றிக்கு உடம்பு சுட்டதால் மூக்கு மஞ்சள் காட்டி, நான்கு நாளாக அடைபட்டுக் கிடந்தது. மந்தைக்காரி செவந்தி அதோடு சேர்ந்து பட்டியிலேயே கிடந்தாள். கம்பிவேலி ஓரம் மூன்று கல் கூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்தவள், மாராத்தாளைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"அக்கா, இன்னைக்காச்சும் டாக்டரு வந்து ரத்தம் எடுப்பாருங்களா? சூலிப் பன்னி ரெண்டு கெடக்குதுங்க. இங்கியே குட்டி போட்டிருமாட்ட இருக்குது."

"வருவாரு அம்மிணி. இன்னைக்குக் கண்டிப்பா உள்ள வருவாரு."

"நீங்க சித்தெ சொல்லுங்கக்கா. நாஞ்சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கறாரு."

மாராத்தாள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். துண்டைப் பன்றிகளின் காதுமடலுக்குப் பின்னாலும், அடிவயிற்றிலும், தொடை இடுக்கிலும் ஏற இறங்கத் தேய்த்தாள். அழுக்கு படாமல் தேய்க்கத் தெரிந்த கை. பிறகு உதறி மடித்துக்கொண்டுபோய் நாற்காலியில் விரித்தாள். மனித மூக்குக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் அன்றைக்கு டாக்டர் பூசிக்கொண்டு வந்த செண்டில் அமுங்கிப் போயிருக்கும்.

பட்டு ஜரிகை வேட்டி, வெள்ளைச் சட்டை. வந்தார், அந்தத் துண்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார், கழுத்து வியர்வையை அதன் முனையிலேயே துடைத்துக்கொண்டார், இரண்டு கையெழுத்துப் போட்டார்.

"மாரம்மா, ஸ்வீட் வரும். சாயங்காலம் எல்லாரும் எடுத்துக்குங்க" என்றார் போகும்போது. ஒன்றரை வருடத்தில் ஒருநாளும் அவள் பெயரை அவர் சரியாகச் சொன்னதில்லை.

பெயர் தெரியாதது போலவே, அவள் யார் என்பதும் அவருக்குத் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன்பு, பாலத்துக்கு இந்தப் பக்கம் கொன்னமரத்துப்பாளையத்தில் அவளுக்கும் அவள் புருசன் பொன்னானுக்கும் எண்பத்துமூன்று பன்றி இருந்தது. சோதனைக்கு ஜீப்பில் வந்த குணசீலன் நாற்றத்துக்குப் பயந்து தண்ணீர்த் தொட்டியைத் தாண்டவில்லை. வெளியில் கட்டியிருந்த ஒன்றைக் காட்டி, இதைப் பிடியுங்கள் என்றார். காயடித்து மூன்று நாளான பன்றி. மஞ்சள் பூசுவதற்காகத் தனியே கட்டியிருந்தார்கள். புண் வீங்கி அதற்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரே பன்றியின் கழுத்திலிருந்து பன்னிரண்டு குழாய் நிரப்பிக்கொண்டு, குழாய்களின் மேல் பன்னிரண்டு நம்பரை எழுதினார். "அத்தனையும் ஒரே பன்னிங்க சார்" என்று பொன்னான் ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடினான். அன்று மாலைக்குள் எண்பத்துமூன்றுக்கும் குழி வெட்டிவிட்டார்கள்.

ஆறாம் நாள் பொன்னானுக்கு நெஞ்சு வலித்தது. பாலம் தாண்டினால் பதினொரு கிலோமீட்டரில் பெரிய ஆஸ்பத்திரி. இந்தப் பக்கம் போனால் ஐம்பத்தெட்டு. மூக்கு சிவப்புக் காட்டியது. ஆபத்துக்குத் திறக்க டாக்டரின் கட்டைவிரல் வேண்டும். பதினேழு முறை போன் அடித்தார்கள், அவர் எடுக்கவில்லை. பொன்னான் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்தபடியே, ஏறாத கம்பத்தைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தான்.

அவனை எரித்த சூடு ஆறுமுன்னே மாராத்தாள் ஆஸ்பத்திரியைத் திட்டுவதை நிறுத்தினாள், அரசாங்கத்தைத் திட்டுவதையும் நிறுத்தினாள். ஒற்றை ஆளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாள். பட்டி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வந்து சேர்ந்தாள்.

ஒன்பதரை மணிக்கு டாக்டரின் கார் மூக்கின் முன்னால் நின்றது. மாராத்தாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பார்த்தாள்.

மஞ்சள்.

"நந்தகோபால், மறுபடி ஓட்டுய்யா."

கம்பத்தை ஏற்றி இறக்கும் நந்தகோபால் கண்ணாடிக் கூண்டிலிருந்து தலையை நீட்டினான். "மூணு தடவ ஓட்டிட்டேன் சார். எட்டாம் நம்பர் மந்தைன்னு காட்டுது. ராசிபுரத்து லோடு."

"நான் அந்தப் பக்கமே போகலையேய்யா!"

"அதுதான் சார் எனக்கும் புரியல. நீங்க நாலு நாளா அந்தப் பக்கமே போகலைன்னுதான் அந்தம்மா தினம் வந்து அழுதுட்டுப் போகுது."

டாக்டர் அவனை முறைத்துவிட்டு இறங்கிவந்து கட்டைவிரலை ரேகைக் கண்ணாடியில் வைத்தார். துடைத்து மறுபடி வைத்தார்.

"ஏத்துக்காது சார். மந்தையில இருக்கிறவர் விரல் செல்லாதாம், எழுத்துலயே வருது பாருங்க."

"வேற டாக்டர் யாராவது?"

"மாவட்டத்துல இருக்கிற இன்னொருத்தரும் டிரெயினிங் போயிருக்கார். திங்கக்கிழமைதான் வருவார்."

பத்து நிமிடம் டாக்டர் போனில் கத்தினார். மேலதிகாரியிடம் கத்தினார், மனைவியிடம் கெஞ்சினார். மாராத்தாளுக்குக் காதில் தேன் பாய்ந்தது. நாற்பது நாள். மகளின் நிச்சயத்துக்கு அப்பன் இல்லை. கம்பத்துக்கு இந்தப் பக்கம் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கட்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் டாக்டர் சட்டென்று போனை அணைத்தார். சட்டம் அவருக்கு மனப்பாடம்.

"நந்தகோபால், சாம்பிள் எடுக்க என் விரல் செல்லும்தானே?"

"சாம்பிளுக்குச் செல்லும் சார். டாக்டர் எங்க இருந்தாலும் டாக்டர்தான்."

"அப்ப முடிஞ்சது. எட்டாம் நம்பர் மந்தையில பன்னண்டு எடுத்துக் குடுக்கிறேன். அரைமணி நேரத்துல ரிசல்ட். மந்தை பச்சையானா நானும் பச்சை." அவர் மாராத்தாளைப் பார்த்தார். "மாரம்மா, உனக்குப் பன்னி பிடிக்கத் தெரியுமா?"

"தெரியுமுங்க சார்" என்றாள் மாராத்தாள். ஒன்றரை வருடம் காத்திருந்து அவரை உள்ளே தள்ளினால், ஒரு மணி நேரத்தில் வெளியேறிவிடுவார் போலிருந்தது.

கொட்டிலுக்குப் போகும் வழியில் கேட்டாள். "ஏனுங் சார், அதென்ன பன்னண்டு கணக்கு?"

முழங்கால் பூட்சும் பிளாஸ்டிக் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு, ஜரிகை வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு நடந்த டாக்டர், பதற்றத்தில் நன்றாகவே விளக்கினார். "ரத்தம் விடுற அட்டையில கோடு விழுந்தா காய்ச்சல்னு அர்த்தம். என்ன காய்ச்சல்னு அதுக்குத் தெரியாது. புண்ணு இருந்தாலும் கோடு விழும், பெருங்காய்ச்சல்னாலும் கோடு விழும். அதான் பன்னண்டு பன்னியில எடுக்கச் சொல்றான். ஒண்ணு விழுந்தா அந்த ஒண்ண ஒதுக்கிட்டு மந்தைய விட்டுடலாம். ரெண்டு விழுந்தா மந்தையே குழிக்கு."

"அப்ப ஒண்ணு சீக்காளியா இருந்தாலும் மத்ததெல்லாம் தப்பிச்சுக்குமுங்க."

"தப்பிச்சுக்கும்."

செவந்தி கையெடுத்துக் கும்பிட்டபடி ஓடிவந்தாள். டாக்டர் அவளை வேலிக்கு வெளியிலேயே நிற்கச் சொன்னார். "மந்தைக்காரங்க உள்ள வரக்கூடாது, ரூல்ஸ்." அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றக் கொட்டில்களின் தகரச் சுவர் உள்ளே நடப்பதை அவளிடமிருந்து மறைத்தது.

உள்ளே முழங்கால் அளவு சகதி. பன்றிகள் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்று உறுமின. டாக்டர் மூக்கைப் பொத்தினார்.

"ஒண்ணு எவ்வளவு இருக்கும்?"

"தொண்ணூறு, நூறு கிலோ இருக்குமுங்க."

"கடிக்குமா?"

"மேல்தாடையில சுருக்குப் போட்டுட்டா கடிக்காதுங்க. நான் கயித்தப் புடிச்சுக்கறேன். நீங்க ஊசியக் குத்தினாப் போதுமுங்க."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் வேட்டியைப் பார்த்தார். அந்தப் பார்வை மாராத்தாளுக்குத் தெரிந்த பார்வை. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று அன்றும் இப்படித்தான் பார்த்தார்.

அப்போது அவள் தனக்குள் ஒன்றை முடிவு செய்தாள். பன்னிரண்டு பன்றியையும் தொட்டு எடுத்தால் அவரை விட்டுவிடுவது. இந்தச் சகதியில் பன்னிரண்டு முறை முட்டி போட்டால் போகட்டும். மகள் நிச்சயத்துக்குப் போய் நிற்கட்டும். பொன்னானிடம் அவள் வேறு ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

"இங்க பாரு, மாரம்மா. ஒரு நல்ல பன்னியா பார்த்துப் பிடி. பன்னண்டையும் அதுலயே எடுத்துடலாம்."

"பன்னண்டையும் புடிச்சுத் தாரனுங்க சார். ஒண்ணுக்கு அஞ்சு நிமிசம். ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருமுங்க."

"பன்னண்டரைக்குத் தட்டு மாத்தணும்மா."

"இப்பத்தானுங்க ஒம்பதே முக்கால். நேரம் கெடக்குதுங்க."

"இந்த வேட்டியோட பன்னண்டு தடவ உருளச் சொல்றியா? ரத்தத்து மேல பேரா எழுதியிருக்கு? மூக்கு தோலைத்தான் மோக்கும். குழாய்க்கு நம்பர் நாமதான் எழுதறோம்."

"தப்பு ஆயிராதுங்களா சார்?"

"என்ன தப்பு? எல்லாரும் பண்றதுதான். ஒண்ணு நல்லா இருந்தா மந்தையும் நல்லா இருக்கும்."

"ஒண்ணு சீக்கா இருந்தா?"

"அதுக்குத்தானே நல்லதாப் பார்த்துப் பிடின்னு சொல்றேன். உன்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்?"

மாராத்தாள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "கொன்னமரத்துப்பாளையத்துல ஒரு பட்டியில இப்படித்தான் எடுத்தீங்க சார். மூணு வருசமாச்சுங்க. எம்பத்திமூணு உருப்படி."

டாக்டர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்பது முகத்தில் தெரிந்தது. "ஆமா, ஏதோ ஞாபகம். பாசிட்டிவ் பட்டி. எல்லாத்தையும் குழி போட்டோம்."

"ஆமாங்க. பன்னண்டும் விழுந்துச்சுங்க."

"அப்புறம் என்ன?"

அவர் முகத்தில் வேறு ஒன்றும் இல்லை. ஜீப்புக்குப் பின்னால் ஓடியவன் இல்லை, பதினேழு போன் இல்லை.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் மாராத்தாள்.

நாற்பத்தாறில் எதற்குக் காய்ச்சல் என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். கூட்டத்தோடு சேராமல் சுவரோரம் தலையைத் தொங்கப் போட்டு நின்றது அது. பின்னங்காலை அகட்டி வைத்திருந்தது. இதையும் காயடித்திருந்தார்கள், வண்டியில் ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்பு, அவசரத்தில். காதின் அடியைத் தொட்டால் அடுப்புக்கல் மாதிரி சுட்டது. மாராத்தாள் அதன் மேல்தாடையில் சுருக்கைப் போட்டு இழுத்தாள். அது சண்டைகூடப் போடவில்லை.

"இது எப்படி, சாதுவா நிக்குது!" என்றார் டாக்டர்.

"நல்ல உருப்படிங்க சார்."

அவர் அதன் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. காதைத் தொட்டும் பார்க்கவில்லை. கழுத்து நரம்பில் ஊசியை இறக்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் குழாய்களை மாட்டிக் கழற்றினார். பன்னிரண்டு. ஏப்ரன் பையிலிருந்து பேனாவை எடுத்து நம்பர் எழுதினார். நான்கு, ஒன்பது, பதினேழு, இருபத்திரண்டு. பட்டியலில் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். வேட்டியில் ஒரு சொட்டுச் சகதி படவில்லை.

"தேங்க்ஸ் மாரம்மா" என்றார். ஒன்றரை வருடத்தில் முதல் தேங்க்ஸ்.

பத்து மணி இருபது நிமிடத்துக்கு நந்தகோபால் பன்னிரண்டு அட்டைகளையும் ஜன்னல் மேடையில் வரிசையாக வைத்தான். டாக்டர் கை கால் கழுவி, தலை சீவி, காருக்குப் பக்கத்தில் நின்று மனைவியிடம் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "வந்துட்டே இருக்கேன்னு சொல்லு. தட்டை என் கையிலதான் வாங்கணும்."

முதல் அட்டையில் கோடு விழுந்தது. இரண்டாவதில் விழுந்தது. நந்தகோபால் எழுந்து நின்றுவிட்டான். ஒரே கை எழுதியது போல, ஒரே சிவப்பில், ஒரே தடிமனில் பன்னிரண்டு கோடு.

"சார்."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். போனில் மனைவி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். கூண்டுக்குள்ளிருந்த எந்திரம் யாரையும் கேட்காமல் உத்தரவை அச்சடித்துத் தள்ளியது. எட்டாம் நம்பர் மந்தை அழிப்பு. மந்தை வாடையுள்ள நபர்கள் இன்றிலிருந்து நாற்பது நாள் காவல். பட்டிக்குப் பின்னால் குழி தோண்டும் பொக்லைன் உறுமத் தொடங்கியது.

"இல்ல... இது தப்பு. இது தப்புய்யா. நான் வந்து..."

"என்ன சார் தப்பு? அட்டையா? பன்னண்டும் எப்படி சார் தப்பாகும்?"

டாக்டரின் வாய் திறந்திருந்தது. அந்த வாய்க்குள் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. ஒரே பன்னியில எடுத்தேன். சொன்னால் மந்தை பிழைக்கும், மறுசோதனை நடக்கும், வேலை போகும். பழைய குழிகளையெல்லாம் யாராவது தோண்டிப் பார்க்கக் கேட்பார்கள். மாராத்தாள் இரண்டடி தள்ளி நின்று அந்த வாயையே பார்த்தாள். மூன்று வருடமாக அவள் காது காத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். இப்போதுதான் அது அவளுக்கே புரிந்தது.

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். நல்ல உருப்படி என்று சொன்னவளை. கொன்னமரத்துப்பாளையம் என்று சொன்னவளை. மெல்ல மெல்ல அவர் முகம் வெளிறியது.

வாயை மூடிக்கொண்டார்.

காரின் கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஜரிகை வேட்டி மண்ணில் கிடந்தது. போனிலிருந்து "ஏங்க, ஏங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மாராத்தாள் இதற்காக எத்தனையோ நாள் வேண்டியிருக்கிறாள். வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறாள். பசிக்குச் சோறு கிடைத்த மாதிரி இருந்தது. அது பொய்யில்லை.

அப்புறம்தான் வேலிப் பக்கம் சத்தம் கேட்டது.

செவந்தி கையில் அரிசி களைந்த ஈரத்தோடு ஓடிவந்தாள். பொக்லைன் எதற்கு என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நந்தகோபாலிடமிருந்து தாளைப் பிடுங்கிப் பார்த்தாள், அவளுக்குப் படிக்க வராது, அவனிடமே கொடுத்தாள்.

"நாப்பத்தாறுமா தம்பி?"

"நாப்பத்தாறும்தாங்க்கா. பன்னண்டு எடுத்தது, பன்னண்டும் விழுந்திருச்சு."

"பன்னண்டா? ஒண்ணுக்குத்தானே தம்பி காச்சலு? காயடிச்ச புண்ணு. மீதிக்கு ஒண்ணுமில்ல தம்பி. குட்டியிலிருந்து என்ற கையில சோறு தின்னதுக. சூலிப் பன்னி ரெண்டு நேத்து ராவெல்லாம் புல்லு பரத்திட்டு இருந்துச்சுக..."

பேசிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். பன்றி வளர்க்கிறவள். பன்னிரண்டு குழாய் எப்படி நிரம்பும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாராத்தாளுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் பொக்லைன் நின்றுவிடும். ஒரே பன்றி என்று சொல்லலாம். எந்தப் பன்றி, தெரிந்து பிடித்தாயா, என்று அடுத்து கேட்பார்கள். அதற்கடுத்து துண்டு வரும். டாக்டர் கார் ஓரத்திலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் சொல்லிவிட மாட்டாளா என்று அவர் கண் கெஞ்சியது. சொன்னால் இரண்டு பேரும் மாட்டுவார்கள், ஆனால் மந்தையோடு சேர்ந்து அவருக்கும் கம்பம் மேலே போகும்.

அந்தக் கண்ணுக்காகவே அவள் வாயைத் திறக்கவில்லை.

பின்னால் முதல் பன்றி கத்தியது. மூன்று வருடத்துக்கு முன்பு கேட்ட அதே கத்தல்தான், வேறு வீட்டுப் பன்றி.

செவந்தி அழவில்லை. நந்தகோபாலைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள். "ரத்தம் எடுத்தது அந்த டாக்டரு. தெரியும். பன்னியப் புடிச்சுக் குடுத்தது ஆரு?"

நந்தகோபால் தயங்கினான். பிறகு கையைக் காட்டினான்.

செவந்தி நடந்து வந்து மாராத்தாளின் முகத்துக்கு நேராக நின்றாள். காலையில் அக்கா அக்கா என்று கெஞ்சிய முகம் இல்லை அது. மாராத்தாளின் கைகளைப் பார்த்தாள், கயிறு அறுத்த சிவப்புக் கோட்டைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள்.

"உன்ற பேரென்ன?"

எட்டாம் நம்பர் வாடை மாராத்தாள் மேலும் ஏறியிருந்தது. நாற்பது நாள் இருந்தது இரண்டு பேருக்கும், ஒரே பட்டியில். அதற்கப்புறமும் காலம் இருந்தது.

மாராத்தாள் தன் பெயரைச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் ஊர்ப் பெயரையும், தெருவையும், வாசலில் புங்கமரம் நிற்கும் வீடு என்பதையும் சேர்த்துச் சொன்னாள், தேடி வருகிறவளுக்கு வழி தவறிவிடக் கூடாது என்பதுபோல.